கிழக்குப் பக்கத் துணிக்கொடி

நாலு மணிக்கு அமுலு வந்துவிடுவாள், அதற்குள் ஒரு பொய்யைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஜெசிந்தா மாடிப்படிக்கு அடியில் குனிந்து இரண்டாவது சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் ஒருதரம் கனைத்தது, யோசித்தது, பிறகு வேண்டாவெறுப்பாக ஓடத் தொடங்கியது. மணி இரண்டரை. நாற்பது நிமிஷத்தில் நிறுத்த வேண்டும், மறந்தால் தொட்டி வழிந்து மாடிச் சுவர் ஊறும், ஊறினால் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற வரதராஜுலுவின் மூக்குக்கு எப்படியோ அந்த ஈரம் எட்டிவிடும். வீட்டுக்காரர்களுக்குக் கடவுள் தனியாக ஒரு மூக்கு கொடுத்திருக்கிறார். அவள் வாசல்பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, காலையில் ஊறப்போட்ட மொச்சையை மடியருகே இழுத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பிதுக்க ஆரம்பித்தாள். தோலை நசுக்கினால் பருப்பு துள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. இப்படி நசுக்கினால் வெளியே வந்து விழும்படி ஒரு பொய் வேண்டும், வழவழவென்று, யார் கையிலும் ஒட்டாமல். மச்சினர் பையன் வருகிறான் என்று சொல்லலாம். வீட்டை விற்கப்போகிறார்களாம் என்று சொல்லலாம். பெயிண்ட் அடிக்கப்போகிறார்கள், ஆறு மாதம் ஆகும் என்று சொல்லலாம். பெயிண்ட் வேண்டாம். பெயிண்ட்டை மட்டும் இவள் சொல்ல மாட்டாள், பெயிண்ட்டைச் சொல்லி இவளையே ஒருத்தி வீடு தராமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அது வில்லிவாக்கத்தில், கல்யாணமான நாலாம் வருஷம், கையில் குழந்தை. அந்த அம்மாள் சிரித்த முகமாகத்தான் சொன்னாள், பெயிண்ட் அடிச்சுட்டுச் சொல்லி அனுப்பறோம்மா என்று. ஜெசிந்தா நம்பினாள். ஒரு மாதம் அந்த வழியாகவே காய்கறி வாங்கப் போனாள், ஒரு வாளி சுண்ணாம்பையாவது கண்ணில் காண. ஏணியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, ஐந்தாம் வாரம் உள்ளே வேறு யாரோ கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அமலதாஸிடம் சொன்னபோது, மீன் வாங்கின பையோட வீடு பார்க்கப் போனியா என்றார். கட்டிய பெண்டாட்டியின் மேல் குற்றம் கண்டுபிடிப்பதில் அந்த மனிதருக்கு இருக்கிற கூர்மை வேறெதிலும் இருந்ததில்லை.

மோட்டார் சத்தம் சீராகிவிட்டது. இந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தால் யாரும் பேச வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி. மத்தியானம் சோற்றில் கைவைத்த நேரம் பார்த்துத்தான் வரதராஜுலு போன் செய்தார். மாடிக்குக் கேட்ட அந்த அம்மாவோட ஆதார் பார்த்தேன், பிளாக் ஒன்பதுன்னு போட்டிருக்கு, போர்டு ஆளுங்களா என்று கேட்டார். ஆமாம் சார், இடிச்சுக் கட்டப்போறாங்க இல்ல, அதான் வெளிய வீடு தேடறாங்க என்றாள் இவள், அது ஏதோ நல்ல சேதி போல. ஹவுசிங் போர்டின் அந்தப் பழைய நாலு மாடிக் கட்டடங்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கின்றன, பால்கனிக் கம்பியெல்லாம் துருவாகி, மழை பெய்தால் பெயர்ந்து விழுகிற கூரையோடு. இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறார்கள். கட்டி முடிகிறவரை வெளியே வாடகைக்கு இருந்துகொள்ள அரசாங்கம் குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. தொகை வந்துவிட்டது, வீடுதான் வருவதில்லை. வாடகை எங்கிருந்து வரும் என்று கேட்டு, அரசாங்கம் கொடுத்திருக்கிறது என்று பதில் வந்த மாத்திரத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஊரில் இருக்கிற உறவெல்லாம் ஞாபகம் வந்துவிடுகிறது, எல்லோருக்கும் அந்த வீடே தேவைப்பட்டுவிடுகிறது. வரதராஜுலு இழுத்து இழுத்துச் சொன்னார். நான் ஜாதி கீதி பார்க்கறவன் இல்லம்மா, உங்களுக்கே தெரியும், உங்களுக்கே குடுத்தேன். அந்த ‘உங்களுக்கே’யில் ஒரு சின்ன முள். கவர்மென்ட் குடுக்கற பணத்துல இருக்கறவங்க நமக்கு வேணாம், நாளைக்கு அவங்க பில்டிங் முடியலன்னா இங்கேயே உட்கார்ந்துக்குவாங்க, நான் யார்கிட்டப் போய் நிக்கறது, மாசச் சம்பளக்காரங்களாப் பாருங்க. அமுலுவும் மாசச் சம்பளக்காரிதான், பிரசவ ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக ஆயா, அவள் புருஷன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள். இதையெல்லாம் இவள் சொல்லவில்லை. சொல்ல வாயைத் திறந்தாள், சோறு இருந்தது. பக்குவமா ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க, காரணமெல்லாம் வேணாம், அப்புறம் சங்கம், மறியல்னு வந்து நிப்பாங்க, நீங்க நல்லாப் பேசுவீங்க, கான்வென்ட்ல படிச்சவங்க என்றார் வரதராஜுலு. பிறகு போனை வைக்கப்போகிறவர் போல ஒரு மூச்சு விட்டு, ஆமா, உங்க அக்ரிமென்ட்டும் பிப்ரவரியோட முடியுது இல்ல, அதையும் பேசிக்கலாம் என்றார். இவள் சரி சார் என்றாள்.

சரி சார். ஒரு மொச்சை கை நழுவி வாசற்படியில் உருண்டு போயிற்று, போகட்டும். ரேஷன் கடையில் எடை போடுகிறவன் இவள் தலையைக் கண்டாலே தராசைத் துடைக்கிறான். கேஸ் சிலிண்டர்காரன் பில்லுக்கு மேலே கேட்கிறதை நிறுத்தியே வருஷம் ஆகிறது. போன ஈஸ்டருக்குக் கோயில் கமிட்டியில் செயலாளரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்த ஆள் இன்னும் இவளைப் பார்த்தால் எதிர்வரிசைக்கு மாறிக்கொள்கிறார். நாக்கா சவரக்கத்தியா என்று அமலதாஸ் தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்ததை இவளே காதால் கேட்டிருக்கிறாள், கேட்டு உள்ளூரப் பெருமைப்பட்டிருக்கிறாள். அந்த நாக்கு மத்தியானம் ஒரு மணி நாற்பதுக்கு எங்கே போயிருந்தது? ஏன் சார், பணம் யார் கொடுத்தால் உங்களுக்கு என்ன, பணத்தின் முகத்தில் எழுதியிருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால்? பிப்ரவரி. கேட்டிருந்தால் பிப்ரவரி. அமலதாஸுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன, அம்பத்தூர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இன்னும் இரண்டு வருஷம் இழுத்தாக வேண்டும், தரைவீடு கிடைப்பது லேசில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் ஏழு வீடு. ஏழிலும் அலமாரியில் காகிதம் விரித்து, ஏழிலும் ஆணி அடிக்க அனுமதி கேட்டு, ஏழிலும் மாதா படத்தை முதலில் மாட்டி. எட்டாவதாக ஒரு வீட்டின் வாசலில் போய் நின்று, எத்தனை பேர், என்ன சாப்பிடுவீங்க, விருந்தாளிங்க அதிகம் வருவாங்களா என்று ஒரு முப்பது வயசுப் பெண் கேட்க, ஐம்பத்து மூன்று வயதில் பல்லைக் காட்டிப் பதில் சொல்ல இந்த உடம்பில் சக்தி இல்லை. பயமா என்று கேட்டால் பயமில்லை, களைப்பு. களைப்புதான் பயத்தைவிட மோசம், அது எதற்கும் சரி சார் என்றுவிடும்.

இவ்வளவுக்கும் தப்பு வரதராஜுலுவுடையது மட்டும் என்றால் மனது இப்படிக் குடையாது. செவ்வாய்க்கிழமை நடந்தது இவளுடைய தப்பு. பொங்கலுக்குப் பிறகு மாடிவீடு காலி, சாவி இவளிடம், வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவது இவள் வேலை. குடியிருக்கிறவளிடம் சாவியைக் கொடுத்துவைப்பது வீட்டுக்காரர்கள் வழக்கம், சம்பளமில்லாத காவல்காரி கிடைத்தாள் என்று. ஆறு பேருக்குக் காட்டினாள். ஒருவன் வாஸ்து பார்க்கத் திசைகாட்டியோடு வந்தான். ஒருத்தி சமையலறையில் நின்றுகொண்டு இவ்ளோதானா என்று கேட்டாள், ஏதோ இவள் ஒளித்து வைத்துக்கொண்டது போல. ஏழாவதாக அமுலு. ஆஸ்பத்திரி நீலப் புடவை, காலில் ரப்பர் செருப்பு, செருப்பை மாடிப்படியின் அடியிலேயே விட்டுவிட்டு ஏறினாள். எதையும் குறை சொல்லவில்லை. குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னல் கொக்கியை ஒருமுறை போட்டு எடுத்தாள், சமையலறைச் சிமென்ட் பலகையை உள்ளங்கையால் தடவினாள், குழந்தையின் முதுகைத் தடவுவது போல. அந்தத் தடவலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஜெசிந்தாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. காலைல அஞ்சரைக்கு மோட்டார் போடுவேன், மத்தியானம் ரெண்டரைக்கு ஒருதரம், சுவிட்ச் படிக்குக் கீழ, ரெண்டாவது. பாத்ரூம் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போடணும். குப்பை வண்டி ஏழு மணிக்கு வந்துடும், விசில் அடிப்பான். மொட்டை மாடில மேற்குக் கொடி எங்களுது, கிழக்குப் பக்கக் கொடி உங்களுக்கு, கயிறு கொஞ்சம் நைஞ்சிருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. குடிவரப்போகிறவளிடம் சொல்கிற விஷயம் அது. ஒண்டுக்குடித்தனம் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். வாடகை பேசலாம், அட்வான்ஸ் பேசலாம், பேசிவிட்டு இல்லை என்றும் சொல்லலாம், ஆனால் துணிக்கொடியைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வீட்டைக் கொடுத்ததாக அர்த்தம். அமுலுவுக்கும் தெரிந்துவிட்டது. மேலே ஏறும்போது மேடம் மேடம் என்றவள் இறங்கும்போது அக்கா என்றாள். வெள்ளிக்கிழமை நல்ல நாள்க்கா, பாலைக் காய்ச்சிடறேன், பாப்பாவுக்குப் பரீட்சை வருது, வியாழக்கிழமை ட்யூட்டி முடிச்சு நாலு மணிக்கு வந்து சாவி வாங்கிக்கறேன் என்று சொல்லி, ஆதார் நகலை இவள் போனுக்கே அனுப்பிவிட்டுப் போனாள். அதை இவள்தான் வரதராஜுலுவுக்குத் தள்ளிவிட்டாள். தன் கட்டைவிரலால்.

விரல் நுனியெல்லாம் மொச்சைத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிவிட்டது. ஒன்றே முக்காலுக்கு ஒருதரம், இரண்டே காலுக்கு ஒருதரம் அமுலுவுக்குப் போன் செய்து பார்த்தாள், அணைத்து வைத்திருந்தது. பிரசவ வார்டில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம், செவ்வாய்க்கிழமை அவளே சொன்னாள். போனில் சொல்லிவிட்டிருந்தால் முகம் பார்க்க வேண்டாம். இன்று வியாழன். அமுலு இருக்கிற பிளாக்குகளுக்கு நேற்றே தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்திவிட்டார்கள், சனிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், திங்கட்கிழமை இடிக்கிற இயந்திரம் வருகிறது. இவள் காலையில் இட்லி மாவு வாங்கப் போனபோது பார்த்தாள், பாதி ஜன்னல்களில் சட்டத்தையே காணோம், அவரவர் ஜன்னலை அவரவர் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பீரோவும் தையல் மிஷினும் தெருவில் வெயிலில் நின்றன. வெளியே எடுத்து வைத்தால் வீட்டுச் சாமான்கள் எவ்வளவு அசிங்கமாக இருக்கின்றன. இவளுடைய பீரோவின் பின்பக்கமும் அப்படித்தான் இருக்கும், ஒட்டடையும் துருவுமாக, ஏழுதரம் தெருவில் நின்ற பீரோதானே அதுவும். என்ன சொல்லலாம்? மச்சினர் பையன். வரதராஜுலுவுக்கு மச்சினர் உண்டா? இருப்பார், எல்லோருக்கும் இருக்கிறார்கள். மச்சினர் பையனுக்குத் திடீரென்று சென்னையில் வேலை கிடைத்துவிட்டது, குடும்பத்தோடு வருகிறான், நேற்று ராத்திரிதான் சொன்னார்கள், எனக்கே தெரியாதும்மா. ‘எனக்கே தெரியாது’ என்று முடிப்பது நல்லது, பழி நம் பக்கம் நிற்காது.

பொய் எழுதுவது இவளுக்குப் புதிதில்லை. எட்டாம் வகுப்பிலேயே விடுப்புக் கடிதத்தில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. சிஸ்டர் பெர்த்தில்லா ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டி வளர்த்த கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிற பிள்ளை மாதிரி சாய்ந்து வரிசையாக நிற்கும். அதனால் வகுப்பே இவளிடம் வரும். வலப்பக்க மேல் மூலையில் விலாசம், அதற்குக் கீழே தேதி, இடப்பக்கம் தலைமை ஆசிரியைக்கு, பிறகு காய்ச்சல். யாருக்கு என்ன நடந்தாலும் காய்ச்சல். மலர்விழிக்கு அக்கா கல்யாணம், காய்ச்சல். டெய்சியின் அப்பா வேறொருத்தியோடு போய்விட்டார், காய்ச்சல். கனகாவின் வீட்டில் சீருடை ஒன்றே ஒன்று, மழையில் காயவில்லை, அதற்கும் காய்ச்சல். ஈரச் சீருடை என்று எழுதினால் என்ன என்று கனகா கேட்டாள். அதெல்லாம் எழுதக் கூடாதுடி என்று இவள்தான் அதட்டினாள், பெரிய மனுஷி மாதிரி, பன்னிரண்டு வயதில். சிஸ்டருக்கும் தெரியும். எல்லாக் கடிதமும் ஒரே கையெழுத்தில் வந்தால் குருடிக்கும் தெரியும். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை, கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் கம்பியில் குத்திவிடுவாள். காரணத்தைச் சொல்லாமல் இருப்பதற்குத்தான் அத்தனை அழகான எழுத்து தேவைப்பட்டது போல. கான்வென்ட்ல படிச்சவங்க, பக்குவமாச் சொல்வீங்க. வரதராஜுலு விவரமான ஆள்தான். இவளைப் பற்றி சிஸ்டர் பெர்த்தில்லாவுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது. பிதுக்கிய பருப்பில் பாதி பிளந்துபோயிருந்தது, இவ்வளவு அழுத்த வேண்டியதில்லை. நாளை வெள்ளி, மாமிசம் இல்லை, பிதுக்குப் பருப்புக் குழம்பும் கத்தரிக்காயும். நாளை வெள்ளி, மாடியில் பால் காய்ச்சியிருப்பார்கள். பால் பொங்குகிறபோது கீழ்வீட்டுக்காரியைக் கூப்பிடுவார்கள், ஒரு டம்ளர் சர்க்கரை போட்டுக் கொடுப்பார்கள், அந்தப் பெண் படிக்கிற சத்தம் மேலிருந்து கேட்கும். தன் மகன் ஓசூருக்குப் போன பிறகு இந்தக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுப் படித்ததில்லை. இதெல்லாம் எதற்கு இப்போது. மச்சினர் பையன், குடும்பத்தோடு, நேற்று ராத்திரிதான். எனக்கே தெரியாது. எனக்கே, உங்களுக்கே. கண்ணை மூடினால் தூங்கிவிடலாம் போலிருந்தது. தூங்கிப்போய், எழுந்திருக்கும்போது சனிக்கிழமையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எங்கோ மழை பெய்தது. மழையேதான், சடசடவென்று, ஜனவரியில் என்ன மழை என்று அவள் தலை சுவரோடு சாய்ந்தபடி யோசித்தது. பிறகு கேட் கீச்சிட்டது. யாரோ வேகமாக உள்ளே வந்தார்கள், செருப்பு உதறுகிற சத்தம், மாடிப்படிக்கு அடியில் வளையல் சத்தம், டக் என்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் ஓடியது தெரிந்தது. மாடிச் சுவர் முழுக்கத் தண்ணீர் வழிந்து வாசலில் குளமாக நின்றது, குளத்தில் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அமுலு.

“ரெண்டாவது சுவிட்சுன்னீங்களே, அதான் அமுத்தினேன்” என்றாள். “யாருமே இல்லாத வீட்டுக்கு இவ்ளோ தண்ணியாக்கா?”

கேலிதான். சொந்த வீட்டுக் கேலி, உரிமையோடு செய்கிற கேலி. ஜெசிந்தா எழுந்தாள், மடங்கியிருந்த முழங்கால் நிமிர நேரம் எடுத்தது, மடியிலிருந்த தோலெல்லாம் தரையில் சிந்தியது. உள்ள வாம்மா என்றாள். அமுலு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள், காலெல்லாம் ஈரம், வீட்டை எதுக்கு நாஸ்தி பண்றது என்று. இன்று ஆறு பிரசவம், அதில் ஒன்று ரெட்டை என்றாள். கட்டைப்பையைப் பக்கத்தில் வைத்து அதற்குள் கையை விட்டாள். வெளியே வந்தது ஒரு நீல நைலான் கயிறு, புதுசு, கடைக்காரன் சுற்றிய சுற்று கலையாமல். கிழக்குப் பக்கக் கயிறு நைந்திருக்கிறது என்று இவள் சொல்லியிருந்தாளாம், அதனால் அமுலு வருகிற வழியில் வாங்கிக்கொண்டாளாம். அவ்வளவு நேரம் உருட்டி உருட்டி வழவழப்பாக்கி வைத்திருந்த பொய்யை ஜெசிந்தா எடுத்தாள். ஓனர் போன் பண்ணினாரும்மா, அவரோட மச்சினர் பையன், திடீர்னு வேலை மாத்தலாகி, குடும்பத்தோட...

“துபாய்லேருந்தாக்கா?” என்றாள் அமுலு.

குரலில் கோபம் இல்லை. கயிற்றைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். போன மாசம் ஓட்டேரியில் பார்த்த வீட்டுக்கு ஒரு தம்பி துபாயிலிருந்து வந்தானாம். அதற்கு முன்னால் அயனாவரத்தில் ஒரு நாத்தனார் பெங்களூரிலிருந்து. இன்னொரு வீட்டில் செத்துப்போன பாட்டியே திரும்பி வருகிறாற்போலப் பேசினார்களாம். பதிமூணு வீடு பார்த்தாச்சுக்கா, மெட்ராஸுக்கு இத்தினி பேரு வந்தா இடம் எங்க பத்தும் என்று சொல்லி அமுலு சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே தளர்ந்துபோய்க் கொட்டாவியாக மாறியது. அந்தக் கொட்டாவியை ஜெசிந்தாவுக்குத் தெரியும். அது தன்னுடையது. வில்லிவாக்கத்திலிருந்து திரும்பி வந்த அன்று, கையில் குழந்தையோடு, இதே போல வாய் கோணிக்கொண்டு வந்த கொட்டாவி. மச்சினர் பையன் தொண்டையிலேயே நின்றுவிட்டான், எவ்வளவு இழுத்தும் குடும்பத்தோடு வெளியே வரவில்லை.

“மச்சினரும் இல்ல, மண்ணும் இல்ல” என்றாள் ஜெசிந்தா. “ஆதார்ல பிளாக் ஒன்பதுன்னு பார்த்தாரு. போர்டு ஆளுங்களுக்கு, கவர்மென்ட் பணத்துல வாடகை கட்டறவங்களுக்குக் குடுக்க மாட்டாராம். என்னை ஏதாவது சொல்லி அனுப்பச் சொன்னாரு. நான் சரி சார்னேன்.”

மாடிச் சுவரிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அமுலு அவளையே பார்த்தாள், திட்டப்போகிறாள், திட்டட்டும் என்று ஜெசிந்தா காத்திருந்தாள், திட்டினால் திருப்பிக் கொடுக்கவாவது வாய் வரும். அமுலு திட்டவில்லை. நாத்தனார் வீடு ஒண்ணு இருக்கு, அங்க ஏற்கெனவே ஆறு பேரு, பாப்பாவைப் படிக்க எங்க உக்கார வெக்கறதுன்னுதான் தெரியல என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மறுபடியும் பைக்குள் கையைவிட்டு நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஒன்றும் எழுதாத தாள், மடிப்பு அழுக்கேறியிருந்தது. எங்க குடியிருப்போர் சங்கத்துல ஒரு வக்கீலம்மா கேஸ் போடறாங்கக்கா என்றாள். அரசாங்கம் கொடுக்கிற உதவியைக் காட்டி வீடு மறுக்கக் கூடாது, இல்லையென்றால் அரசாங்கமே தங்க இடம் காட்ட வேண்டும் என்று கேட்கப்போகிறார்களாம். ஆனால் வக்கீலம்மா கேட்பது ஒன்றுதான், அப்படி மறுத்ததாக யாராவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? துபாய்த் தம்பியையும் பெங்களூர் நாத்தனாரையும் கோர்ட்டில் காட்ட முடியாது. இந்தத் தாளை வக்கீலம்மா கொடுத்து அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. காரணத்தை வாய் திறந்து சொன்ன ஆள் நீங்கதான்க்கா, மத்தவங்ககிட்ட இதை வெளிய எடுக்கவே இல்ல.

“எனக்கு இந்த வீடு கிடைக்கும்னு கேக்கல. எழுதினா உங்களுக்குத் தொந்தரவுன்னா வேணாம். நீங்களும் குடியிருக்கறவங்கதானே.”

நீங்களும் குடியிருக்கிறவர்கள்தானே. கோயில் கமிட்டியில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அதில் குத்தல் இருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பாள். இதில் குத்தல் இல்லை, அதனால்தான் உள்ளே போய்விட்டது. பிப்ரவரி. அமலதாஸின் முழங்கால். பீரோவின் பின்பக்கம். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் வருவார், விஷயத்தைக் கேட்டுவிட்டு, உனக்கு எதுக்குடி இந்த வேலை என்பார், அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் எதுவும் கிடையாது. எழுதாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. எழுதாமல் விட்டால் பிப்ரவரியில் சரி சார் என்று ஒரு கையெழுத்துப் போட்டு இன்னும் பதினொரு மாதம் இதே தரையில் மொச்சை பிதுக்கலாம், எட்டாவது ஆளுக்கு மாடியைத் திறந்து காட்டலாம், பார்த்துப் பேசலாம், துணிக்கொடியைப் பற்றி மூச்சு விடாமல். எழுதினால் வரதராஜுலு கத்த மாட்டார், அவர் கத்துகிற ஜாதி இல்லை, இதமாக ஒரு காரணம் சொல்வார். பெயிண்ட் அடிக்கணும்மா என்பார். அதை நினைத்தபோது ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமுலு நிமிர்ந்து பார்த்தாள், என்னக்கா என்றாள். ஒண்ணுமில்ல, என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் அலமாரியில் மகன் விட்டுப்போன பேனாக்களில் எழுதுகிறது எது என்று கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்து ஒன்றைக் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் தாளுக்கு அடியில் வைத்து எழுதிய அட்டை இப்போது இல்லை, மொச்சைத் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். தமிழ்ல எழுதினா போதுமா என்று கேட்டாள். போதும்னாங்க என்றாள் அமுலு. அந்தக் கயித்தைப் பையில வை, இங்க கட்ட முடியலன்னாலும் எந்த மாடிலயாவது கட்டத்தான் போறே என்றாள் ஜெசிந்தா. அமுலு கயிற்றைப் பைக்குள் வைத்தாள், வைத்துவிட்டுப் பையை மடியில் அணைத்துக்கொண்டு, எழுதுகிற கையைப் பார்க்கத் தொடங்கினாள்.

வலப்பக்க மேல் மூலையிலிருந்துதான் ஆரம்பித்தாள், அது எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ஜெசிந்தா அமலதாஸ். கதவு எண் நாற்பத்தொன்று, கீழ்வீடு. தெருவின் பெயர், ஊர், பின்கோடின் ஆறு எண்கள். எழுத்தின் சாய்வு இன்னும் போகவில்லை. அதன் கீழே தேதி. பிறகு பேனாவை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“உன் விலாசத்தைச் சொல்லு, அதையும் எழுதணும்.”

அமுலு யோசித்தாள். “பிளாக் ஒன்பது, மூணாவது மாடி, நம்பர் முப்பத்தாறு” என்றாள். பிறகு, தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்பது போல, “திங்கக்கிழமை வரைக்கும்” என்றாள்.

ஜெசிந்தா விலாசத்தை எழுதினாள். திங்கட்கிழமை வரைக்கும் என்பதை எழுதவில்லை. தன் விலாசத்துக்குக் கீழேயும் பிப்ரவரி வரைக்கும் என்று அவள் எழுதியிருக்கவில்லை.